பேசும் சாரைக்கு ஒரு வீடு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, சொன்ன மந்திரம் சொன்னபடி பலித்த நாளில், செம்பாறை நாட்டில் மருதவல்லி என்று ஓர் இளவரசி இருந்தாள். பிடிவாதக்காரி. ஆனால் மனசு வெண்ணெய்.

ஒருநாள் சந்தையில் சடாமுகன் என்ற மந்திரவாதி ஒரு செப்புக்குடத்தைத் தட்டிக் கூட்டம் சேர்த்தான். குடத்துக்குள் ஒரு சாரைப்பாம்பு. மந்திரத்தால் மனுஷர் மாதிரி பேசும். ஊரார் ரகசியத்தை அது சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் பிரம்படி. மருதவல்லிக்குப் பொறுக்கவில்லை. குடத்தைப் பறித்தாள், இடுப்பில் வைத்தாள், அரண்மனையைப் பார்த்து ஓடினாள்!

பாம்புக்கு நெளியன் என்று பேர் வைத்தாள். தங்கப்பெட்டியில் பட்டு விரித்தாள். பால் வைத்தாள், நெளியன் தொடவில்லை. பாயசம் வைத்தாள், தொடவில்லை. தேனில் ஊறிய பலாச்சுளை வைத்தாள், தலையைத் திருப்பிக்கொண்டது.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றாள் அழாத குறையாக.

"இப்போதாவது கேட்டீர்களே, இளவரசி! பெட்டியும் பட்டும் மனுஷருக்கு அழகு. பாம்புக்கு ஒளிய ஒரு பொந்து வேணும். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல் வேணும். முங்கிக் கிடக்கத் தண்ணீர் வேணும். சாப்பாட்டுக்கு... முகம் சுளிக்காதீர்கள், எலி வேணும்."

இளவரசி முகத்தைச் சுளித்தாள். ஆனால் எழுந்தாள். நந்தவனத்தில் கல் அடுக்கி, மூங்கில் தட்டியால் மூடி போட்டாள். பானையைக் கவிழ்த்துப் பொந்து வைத்தாள். அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். களஞ்சியத்தில் பிடித்த எலியை, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் வாலைப் பிடித்துத் தூக்கி வந்தாள்.

நெளியன் தின்றது, தேறியது, வாயாடியது. மருதவல்லியோடு எதிர்வாதம் பண்ணத் துணிந்த ஒரே ஜீவன் அதுதான். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

ஒரு காலை அதன் கண்கள் பால் படிந்தாற்போல் மங்கின. "தோல் உரிக்கப் போகிறேன்" என்றது. "அவன் மந்திரமெல்லாம் இந்தத் தோலில்தான் இருக்கிறது. அதனால்தான் காய்ந்த குடத்தில் போட்டு, உரிக்க விடாமல் வைத்திருந்தான். உரித்தால் எனக்கு விடுதலை. ஆனால் பேச்சும் அதோடு போய்விடும், இளவரசி."

அந்த நேரம் மதில்மேல் வந்து குதித்தான் சடாமுகன்.

"தண்ணீரைக் கவிழ்த்துவிடு, பெண்ணே! தோல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பேசும் பாம்பு உனக்கே!"

மருதவல்லியின் கை தொட்டியைத் தொட்டது. அவள் நெளியனைத் திரும்பிப் பார்த்தாள்.

"காய்ந்து ஒட்டினால் உனக்கு வலிக்குமா?"

"வலிக்கும்."

அவள் குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். நெளியன் ஊறியது, கல்லில் உரசியது, பழைய தோலை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சடாமுகன் மந்திரம் சொல்ல வாய் திறந்தான்; தும்மல்தான் வந்தது. தும்மித் தும்மியே நாட்டைத் தாண்டி ஓடினான்.

"நெளியா?" என்றாள். பதில் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். "போகணும்னா போ."

புதுத்தோல் மினுங்க அது மதில்வரை போனது. நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தது. திரும்பி வந்து, அவள் கைவழியே ஏறி, கழுத்தின் கதகதப்பில் சுருண்டுகொண்டது.

ராஜா வந்து சாப்பிடக் கூப்பிட்டார்.

"மெதுவாப் பேசுங்க அப்பா," என்றாள் மருதவல்லி. "தூங்குது."