காயவைத்த தூள்

தூத்துக்குடியில் வேதியியல் டீச்சராக இருந்த பெர்னதெத், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, ஐம்பத்தோரு வயதில் வெளியூரில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். வழிகாட்டி இளநங்கை அவளைவிட மிகவும் இளையவள்.

அவளுக்குக் கொடுத்த வேலை இது: இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் என்ற பொருளைக் கரைக்க வேண்டும். எலும்பில் உள்ள தாதுவை நுண்துகளாகச் செய்து அதில் கலந்து, மெல்லிய படலமாக வார்க்க வேண்டும். முறிந்த எலும்பின்மேல் வைப்பதற்கு. அவள் வார்த்ததெல்லாம் வெண்புள்ளி விழுந்து, தட்டிலிருந்து எடுக்கும்போதே உடைந்தது.

ஆய்வகத்தில் மற்றவர்கள் சேர்ந்து சாப்பிடப் போகும்போது கூப்பிடுவார்கள். "பசிக்கல" என்பாள். நாளடைவில் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

ஒரு மதியம் இளநங்கையிடம் வந்தாள்.

"ஊருக்கே போயிருதேன், மேடம். எவ்வளவு கலக்கினாலும் துகள் பிரிய மாட்டேங்குது. ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கிடுது. ஏன்னே தெரியல."

இளநங்கை துகள் இருந்த பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"காயவச்சீங்களா, டீச்சர்?"

"ஓவன்ல வச்சு நல்லா காயவச்சேன். காஞ்சா கெடாது. எடுத்து வச்சுக்கிடலாம்."

"காயும்போதுதான் ஒண்ணோட ஒண்ணு இறுகிடுது, டீச்சர். அப்புறம் கலக்கினா பிரியாது." இளநங்கை புதிதாகத் துகள் செய்தாள். கழுவினாள். காயவிடாமல், பால்போல் இருந்த அந்த ஈரத்தோடேயே கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டாள். கலக்கும் கருவி சுழல்வதைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுல யார் இருக்காங்க?"

"யாருமில்ல. வீட்டுக்காரவுக தவறிட்டாக. அடக்கம் முடிஞ்ச மாசமே இங்க வந்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையே."

"சொன்னா அழுதுருவேன், மேடம். வேலை பார்க்கத்தானே வந்தேன்."

இளநங்கை தலையசைத்தாள். கரைசலைத் தட்டில் ஊற்றி மூடி வைத்தாள்.

படலம் உலர்ந்ததும் பெர்னதெத்தே உரித்து எடுத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. வளைத்தாள். உடையவில்லை. அதைத் தட்டில் வைத்துவிட்டு, தன் பழைய துகள் பாட்டிலை எடுத்தாள்.

"அப்போ, நான் காயவச்சு வச்சிருக்கது? அதை இனி ஒண்ணும் செய்ய முடியாதா?"

"முடியும், டீச்சர். அமிலத்துல கரையவிட்டா, புதுத் துகளா திரும்ப எடுத்துடலாம். முழுசா கரையணும். கரையுற வரைக்கும் நானும் கூட உட்கார்ந்திருக்கேன்."