உறைமேல் எழுதியபடி

கீழப்பனையூரில் தபாலாபீஸ் என்பது பண்ணையார் அம்பலவாணத்தின் வீட்டு முன்னறைதான். போஸ்ட்மாஸ்டரும் அவரே. நாட்டுக்கு விடுதலை வந்து பல வருஷமாகியும் அவர் வாய்க்கு அது வந்து சேரவில்லை. நாற்று நடும் சிலம்பாயிக்கு அன்று மனைப்பட்டா பதிவுத் தபாலில் வந்திருந்தது. அவளைக் குடிசையிலிருந்து எவரும் விரட்ட முடியாதபடி செய்யும் காகிதம் அது. அதை வாங்க வாசலில் வந்து நின்றாள்.

பண்ணையார் உறையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "'திருமதி சிலம்பாயி அவர்கள்'னு போட்டிருக்கு. உங்க தெருவுல 'ஏய்' உண்டு, 'அடியே' உண்டு. 'திருமதி' ஏதுடி? அப்படி ஆளே இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுறேன்."

தணிக்கைக்கு வந்திருந்த தபால் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிலம்பாயி கேட்டாள்: "ஆள் இல்லைன்னு எழுதுறதுக்கு முன்னாடி கூப்பிட்டுப் பாக்க வேண்டாமுங்களா, ஐயா?"

"நியாயம்தானே! உறைமேல் எழுதியபடியே மூணு தடவை கூப்பிடுங்க" என்றார் அவர்.

பண்ணையார் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கூவினார்: "திருமதி சிலம்பாயி அவர்களே!"

நாற்றுக்கட்டோடு போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எத்தனை தலைமுறையாக அந்த வீட்டு வாசலில் கேட்காத சொல்! சிலம்பாயி அசையவில்லை. இரண்டாவது குரலுக்குச் சுமைகள் தாமாக இறங்கின. மூன்றாவது குரலுக்குத் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இங்கதான் இருக்கேன்" என்று கையை நீட்டினாள்.

"முதல் தடவையே சொல்றதுக்கென்னடி..." என்று சீறியவர், இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்து, "என்னம்மா?" என்று முடித்தார்.

"முதல் தடவை எனக்குங்க. செத்துப்போன எங்க ஆத்தாவுக்கு ஒண்ணு, அவளைப் பெத்தவளுக்கு ஒண்ணு."