செயல்பாட்டில் மாற்றம் இல்லை

தண்டபாணி செருப்பைக் கழற்றும்போதே சண்டைக்குத் தயாராக இருந்தார். ஒரே வாரத்தில் நான்கு முறை அவருடைய திருத்தத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார் மெஹருன்னிசா. ஒரே ஒரு வரித் திருத்தம். அதற்கு நான்கு முறை.

சிஷ்யருக்கு நாற்பத்தெட்டு வயது. குரு மெஹருன்னிசாவுக்கு முப்பத்துமூன்று. கோவையில் ஒரு பம்பு செட் கடைக்கு மேலே இருந்தது குருவின் அறை.

மூன்று வருடத்துக்கு முன் முதல் பாடத்துக்கு வந்த அன்று, மெஹருன்னிசா ஒரு சர்க்யூட் போர்டை அவர் கையில் கொடுத்தார். அதன் ஓரத்தில் ஒயர் மாட்டுவதற்கென்று இருந்த ஒரு போர்ட்டைக் காட்டி, "இது என்னன்னு எழுதுங்க" என்றார். தண்டபாணி ஒரு பக்கம் எழுதினார். மெஹருன்னிசா படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார்.

"இது என்ன செய்யணும்னு நீங்க ஆசைப்படறீங்களோ, அதை எழுதியிருக்கீங்க. இங்க என்ன இருக்குன்னு எழுதலை. கெர்னலுக்குக் கண் இல்லை, சார். எந்தப் போர்ட் கரண்ட் வாங்கும், எது கொடுக்கும்னு அதுக்குத் தெரியாது. நீங்க எழுதிக் கொடுக்கறதை நம்பித்தான் போர்ட்டை இயக்கும்."

கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் ஓடுவது. புதிதாக ஒரு பெட்டி வந்தால், அதன் போர்ட்டுகளைப் பற்றி யாராவது ஒரு விவரக் கோப்பு எழுதியாக வேண்டும். அந்தக் கோப்புகளைச் சரிபார்த்து, உலகமே பார்க்கிற பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது மெஹருன்னிசாவின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இப்போது திட்டத்தான் வந்திருந்தார் தண்டபாணி. கையிலிருந்த பெட்டியை மேஜைமேல் டொம்மென்று வைத்தார். அவர் வேலை பார்க்கும் கம்பெனி செய்தது; தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜைக் காவல் காக்கிற பெட்டி அது. உள்ளே சூடு ஏறினால் நர்சின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். கரண்ட் போனாலும் தன் சின்ன பேட்டரியில் மூன்று நாள் ஓடும். ஓடியிருக்க வேண்டும்.

"ஏனுங்க மேடம், கெர்னலுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி வேண்டாமுங்களா? நான் ஒரு வரி தப்பா எழுதிட்டேன். சரி. எழுதினதை அப்படியே நம்பிருமா? பேட்டரி இத்தனூண்டு இருக்குதே, இதுல இருந்து வெளியே கரண்ட் குடுக்கலாமான்னு ஒருக்கா யோசிக்காதா?"

"அந்த வரி எங்கிருந்து வந்தது?"

"வேற ஒரு போர்டோட கோப்புல இருந்து எடுத்ததுங்க. அதுல போர்ட் வாங்கவும் செய்யும், குடுக்கவும் செய்யும். நம்ம பெட்டியில வாங்கறது மட்டும்தான். மாத்த மறந்துட்டேனுங்க."

"நீங்க முதல்ல கோப்பு அனுப்பினப்பவே கேட்டேன். இந்தப் போர்ட் கரண்ட் கொடுக்குமா, சர்க்யூட்டைப் பார்த்துச் சொல்லுங்கன்னு. நீங்க பதிலே போடலை."

"அதுக்குள்ள கம்பெனி பெட்டியை அனுப்பிருச்சுங்க."

அனுப்பிய பெட்டிகளில் ஒன்று மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது. அங்கே நர்ஸ் செண்பகவல்லி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. மாதக் கடைசி என்பதால், பெட்டியோடு வந்த கையேட்டில் போட்டிருந்தபடி, குளிர் அளவுகளை இறக்கிக்கொள்ளத் தன் போனை அதில் மாட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் பெட்டி தன் பேட்டரியைப் போனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. கொடுக்கலாம் என்று எழுதியிருந்ததே. செண்பகவல்லி கதவைப் பூட்டிக்கொண்டு போன சற்று நேரத்தில் பெட்டி செத்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை ஊசிக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர்களிடம், மருந்தெல்லாம் வீணாகிவிட்டது என்று அவர் கைகூப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனி ஒரு ரிப்போர்ட் கொடுத்தது. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. செண்பகவல்லியைச் சஸ்பெண்டு செய்தார்கள்.

"இப்ப வரியைச் சரி பண்ணிட்டேனுங்க" என்றார் தண்டபாணி. "வாங்க மட்டும்னு மாத்தியாச்சு. இன்னும் நாற்பது பெட்டி போகணும். நீங்க களஞ்சியத்துல சேர்த்தாத்தான் எடுப்போம்னு சுகாதாரத் துறையில சொல்றாங்க. அந்த வரியில என்ன குறைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"வரியில குறையே இல்லை."

"பின்ன எதுக்குங்க நாலு தடவை திருப்பினீங்க?" குரல் உயர்ந்தது. "என்னை என்ன சின்னப் பையன்னு நெனச்சீங்களா?"

மெஹருன்னிசாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இப்போது நன்றாக இறங்கியிருந்தது.

"கூட வெச்ச குறிப்பை வாசிங்க."

எந்தத் திருத்தத்தோடும், ஏன் திருத்தினோம் என்று ஒரு குறிப்பு வைப்பது வழக்கம். தண்டபாணி லேப்டாப்பைத் திறந்து வாசித்தார்.

"சிறு திருத்தம். செயல்பாட்டில் மாற்றம் இல்லை."

"மாற்றம் இல்லையா?"

"எல்லாரும் எழுதறதுதானுங்க அது. உள்ளதை எழுதினா உலகமே பார்க்குமுங்க. என் வேலை போயிரும்."

மெஹருன்னிசா, மலையிலிருந்து திரும்பி வந்திருந்த அந்தப் பெட்டியைப் புரட்டினார். பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர். எச்சரிக்கை போக வேண்டிய போன் நம்பர் அதில் நீல மையில் எழுதியிருந்தது. தன் போனில் அந்த நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"மேடம், யாருக்குங்க பண்றீங்க?"

"வாசிச்சீங்களே, அதை அப்படியே இவங்களுக்கு இன்னொரு தடவை வாசிங்க. அவங்க சரின்னு சொன்னா நான் இப்பவே சேர்க்கறேன்."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ? ஆபீசுல இருந்துங்களா?"

தண்டபாணி மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவர் ஸ்கிரீனைக் காட்டினார்.

"இல்லீங்கம்மா. பெட்டிக் கம்பெனியில இருந்து பேசறேனுங்க."

"சார், நீங்களே சொல்லுங்க சார். புத்தகத்துல படம் போட்டிருந்துச்சே, அப்படித்தானே மாட்டுனேன்? போனை சார்ஜ் போட்டேனாம், திமிருங்கறாங்க சார். பதினாறு வருஷத்துல ஒரு மருந்து நான் வீணாக்கினதில்ல. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். குடுப்பீங்களா சார்?"

தண்டபாணி லேப்டாப் பக்கம் திரும்பினார். ஸ்கிரீனில் இருந்தவை ஐந்தே சொற்கள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"மறுபடி கூப்பிடறேனுங்கம்மா" என்று சொல்லி அவரே கட் செய்தார். பிறகு மெஹருன்னிசாவிடம் பொங்கினார். "இது அநியாயமுங்க! பாடம் சொல்லித் தர்ற லட்சணமா இது? சொல்லாமக் கொள்ளாம அந்தம்மாவைக் கூப்பிட்டு..."

"ஆமா, அநியாயம்தான்" என்றார் மெஹருன்னிசா. "எழுதுங்க."

கீழே கடையில் யாரோ ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். அது ஓடி நின்றதும் தண்டபாணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு வாக்கியங்களையும் அழித்தார். மெதுவாக எழுதினார். எழுதியதை மெஹருன்னிசா பக்கம் திருப்பினார்.

'இந்தப் போர்ட் மின்சாரத்தை வாங்க மட்டுமே செய்யும். கொடுக்கவும் செய்யும் என்று முன்பு எழுதியது என் பிழை. வேறொரு போர்டின் கோப்பைப் பார்த்து எழுதினேன்; சர்க்யூட்டைப் பார்க்கவில்லை. அதனால் ஒரு சுகாதார நிலையத்தில் பெட்டி நின்றுபோய்த் தடுப்பூசிகள் வீணாயின. அங்கிருந்த நர்ஸ் எங்கள் கையேட்டின்படியே நடந்தார். தண்டபாணி.'

மெஹருன்னிசா இரண்டு முறை படித்தார். களஞ்சியத்தில் சேர்த்தார்.

"ரிப்போர்ட்?" என்றார்.

"அது வேறங்க மேடம்." தண்டபாணியின் குரலில் இப்போது கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "கெர்னலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க. சஸ்பெண்டு பண்ணினது அவங்க ஆபீசர் பார்த்து எடுத்த முடிவு."

"அந்த ஆபீசர் மலைக்குப் போனாரா?"

"இல்லீங்க."

"இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாரா?"

"இல்லீங்க. நான் டைப் பண்ணிக் குடுத்த ரிப்போர்ட்டை வெச்சுத்தான்..."



"அவருக்கும் கண் இல்லை, சார்" என்றார் மெஹருன்னிசா.