மாதப்பன் கற்காத வேலை

கார் திருடி ஜெயிலுக்குப் போன மாதப்பன், அங்கே பாடம் எடுக்க வந்த ரெஜினா டீச்சரிடம்தான் கார் எலெக்ட்ரிக்கல் வேலை கற்றான். விடுதலையானதும் ஓசூரில் டீச்சர் நடத்திய ஒர்க்ஷாப்பிலேயே சேர்ந்துகொண்டான்.

அங்கே வருவதெல்லாம் பழைய கார்கள். இஞ்சினை ஆட்டிவைக்கும் ஈசியூ பெட்டியைப் பிரிக்கவும், ஈரம் ஏறிய பின்களைத் துடைக்கவும், இணைப்பு விட்டுப்போன இடத்தில் ஈயம் வைக்கவும் டீச்சர் சொல்லித் தந்தார். ஒன்றை மட்டும் சொல்லித் தரவில்லை.

சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். அது தனக்குத் தெரிந்த சிப்பாக இருந்தால்தான் ஈசியூ இஞ்சினை ஓடவிடும். இல்லையென்றால் வண்டி ஒரு உறுமல் உறுமி நின்றுவிடும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத பூட்டை இம்மொபிலைசர் என்பார்கள். புதுச் சாவியை லேப்டாப் வழியாக ஈசியூவில் பதிக்கிற வேலை வந்தால் டீச்சர் தலைநிமிராமல் சொல்வார்.

"மாதப்பா, டீ வாங்கிட்டு வா."

அவன் திரும்பும்போது லேப்டாப் மூடியிருக்கும்.

"அந்த வேலை எனக்கு எப்போ டீச்சர்?"

"டீ ஆறுது, குடி."

திருடன்தானே, பயம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தான். நினைப்பு உள்ளேயே கிடந்து புளித்தது. பிறகு வேறு பக்கம் திரும்பியது. ஒளித்துச் செய்கிற வேலை யோக்கியமான வேலையா? சாவி போட வந்தவர்களை உற்றுப் பார்த்தான். பேசாமல் நின்றவன்மேல் சந்தேகம். சிரித்துப் பேசியவன்மேல் அதைவிடச் சந்தேகம். டீச்சர் போனோடு வாசலுக்குப் போனால் இவன் காதும் கூடவே போனது.

ஒரு நாள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. அங்கே சாவி பதித்துக்கொண்டு போன கார் ஒன்று காணாமல் போயிருந்தது. கண்ணாடி உடையவில்லை, ஒயர் அறுபடவில்லை. சிப் வைத்த சாவி போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு மாதப்பனின் முகம் மறக்கவில்லை.

"இந்தச் சாவி வேலை தெரியுமாடா?"

"தெரியாது சார்."

லேப்டாப்பை அவன் முன்னால் தள்ளினார். "செய், பாக்கலாம்."

மாதப்பன் விழித்தான். எதைத் தொடுவதென்றே தெரியவில்லை.

"சத்தியமா தெரியாது சார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த வேலை வந்தா என்னை வெளியே அனுப்பிடுவாங்க. ஏன்னு அவங்களையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்" என்றார் டீச்சர்.

டீச்சரை அன்றும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள், மறுநாளும் வரச்சொன்னார்கள். காலையில் போனவர் பொழுது சாய்ந்து வருவார். விஷயம் பரவி, வேலைக்கு விட்டிருந்த வண்டிகளை ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் நாள் மாதப்பனுக்குத் தன் கணக்கு சரியாகிவிட்டதுபோல் இருந்தது. அப்புறம் பொழுது சாயும் முன்பே வாசலில் போய் நின்று டீச்சர் வரும் வழியைப் பார்த்தான்.

வாரக் கடைசியில் கார் சேலத்தில் கிடைத்தது. எடுத்தது கார் ஓனரின் மச்சான். வீட்டிலிருந்த இன்னொரு சாவியை யாருக்கும் தெரியாமல் எடுத்து ஓட்டிப் போயிருக்கிறான்.

டீச்சர் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மாதப்பன் தள்ளியே நின்றான்.

"என்னை எதுக்கு வெளியே அனுப்பினீங்க டீச்சர்?"

"இந்த ஒரு வாரத்துல உன்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவன் வாய் திறந்தான். "தெரியாதுன்னு சொன்னேன். அது நிஜம்னு அவங்களே பாத்தாங்க. அதுக்காகத்தான் வெளியே அனுப்பினீங்களா?" தலை கவிழ்ந்தது.

டீச்சர் லேப்டாப்பைத் திறந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வா, இன்னைக்கே கத்துக்கலாம். ஆனா, அடுத்த தடவை ஜீப் வந்து நின்னா, 'எனக்குத் தெரியும்'னு சொல்லணும். சொல்லுவியா?"

மாதப்பன் ஸ்டூலைப் பார்த்தபடி நின்றான்.