ராணி கிளறிய புளிக்காய்ச்சல்

முன்னொரு காலத்தில் காவிரிக் கரையோரம் மருதவளம் என்றொரு நாடு இருந்தது. அதை வல்லபராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒருவனுக்கு ஊரையே எழுதி வைப்பான், மாலையில் அவனையே கழுவேற்றச் சொல்வான். அப்படிப்பட்ட ஆள்.

அவன் சாப்பிடும் அழகைக் கேளுங்கள். தங்கத்தட்டு, விஷம் இருக்கிறதா என்று ருசி பார்க்க ஒருவன், விசிறி வீச இரண்டு பேர். பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டால் ராஜ கௌரவம் போய்விடுமாம்! ராணி மரகதவல்லியும் ஐந்து வயது மகள் அஞ்சுகமும் அந்தப்புரத்தில் தனியாக இலை போட்டுக்கொள்வார்கள்.

சித்திரையில் காய்ச்சல் கண்ட ராணி வைகாசியில் போய்ச் சேர்ந்தாள். அஞ்சுகம் முன்பே சோற்றில் கறிவேப்பிலையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள். இப்போது வாயையே திறக்கவில்லை. பாலில் இரண்டு மடக்கு, அவ்வளவுதான். "அம்மா பண்ற புளியோதரைதான் வேணும்" என்று அழுவாள். ஆடி பிறந்தபோது கொலுசு காலில் நிற்காமல் கழன்று விழுந்தது. இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்று அரண்மனை வைத்தியர் சொல்லிவிட்டார்.

"ராணியின் புளியோதரையை அப்படியே செய்து கொண்டுவாருங்கள்!" என்று ராஜா உத்தரவு போட்டான். "ஆனால் முதலில் நான் ருசி பார்ப்பேன். மரகதத்தின் கைமணம் எனக்குத் தெரியாதா? நான் 'அதுதான்' என்று சொன்ன பிறகே என் மகள் வாயில் படவேண்டும்."

ஏழு சமையல்காரர்கள் செய்து பார்த்தார்கள். ஏழு தடவையும் ராஜா "இதுவல்ல!" என்றான். அண்டா அண்டாவாகப் புளியோதரையை அகழியில் கொட்டினார்கள். முதலைகள் கொழுத்தன, குழந்தை இளைத்தாள், சமையல்காரர்கள் சிறைக்குப் போனார்கள்.

மடைப்பள்ளி அதிகாரி கனகசபைக்கு மந்திரி திருமலைக்கொழுந்தின் மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மகாராஜா, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர் நம் மந்திரியார். கரண்டியையும் அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கலாமே!"

"நல்ல யோசனை! மந்திரியாரே, நாளை மறுநாள் ஆடிப்பெருக்கு. அன்றைக்கு ராணியின் புளியோதரை இங்கே வரவேண்டும். வராவிட்டால் உம் தலை போகும்."

"என் தலை போனால் போகட்டும் மகாராஜா. குழந்தை போகக் கூடாதே" என்றார் மந்திரி.

நேரே அந்தப்புரத்துக்குப் போனார். "அஞ்சுகம்மா, இத்தனை பேர் செய்தார்களே, அதிலெல்லாம் என்னம்மா குறை?"

"எனக்கு யாருமே தரலியே, மந்திரி மாமா."

மந்திரி ராணியின் தாதி காத்தாயியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பும்போது மேல்துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார்.

ஆடிப்பெருக்கு அன்று சபை கூடியது. வாழையிலையில் புளியோதரை வந்தது. ராஜா ஒரு வாய் போட்டான். உடனே தூவென்று தரையில் துப்பினான்.

"வெந்தயம் கருகிக் கசக்கிறது! மரகதம் இப்படியா செய்வாள்?"

"வாசனையே சொல்கிறதே மகாராஜா, இது பட்டிக்காட்டுக் கை!" என்றார் கனகசபை.

"கொட்டுங்கள் இதை! இவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டு போங்கள்!"

மந்திரி கைகூப்பினார். "கொட்டுவதற்கு முன் குழந்தைக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சாகிறேன்."

ராஜா வேண்டா வெறுப்பாகத் தலையசைத்தான். காத்தாயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இலைக்குப் பக்கத்தில் வந்ததும் துவண்டிருந்த தலை நிமிர்ந்தது. ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டே ஒவ்வொரு வாசலாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா வந்துட்டாளா?"

மந்திரி மேல்துண்டுக்குள்ளிருந்து ஒரு ஜாடியை எடுத்து வைத்தார். அதன் வாய் ராணியின் மஞ்சள் புடவைக் கிழிசலால் கட்டியிருந்தது.

"சித்திரையில் ராணியார் தம் கையால் கிளறிய புளிக்காய்ச்சல், மகாராஜா. 'ஆடிப்பெருக்குக்கு நான் இருப்பேனோ என்னவோ, பிள்ளைக்குப் பிசைந்து கொடு' என்று காத்தாயியிடம் கொடுத்திருக்கிறார். அவள் இதை அப்போதே மடைப்பள்ளிக்குக் கொண்டுபோனாள். 'சீக்காளி கிளறியது ஆகாது, பிள்ளைக்குக் கொடுத்தால் உன் தலை போகும்' என்று கனகசபையார் விரட்டினார். பயந்துபோய் ஒளித்து வைத்திருந்தாள்."

"இதை முதலிலேயே சொல்லக்கூடாதா?" என்று ராஜா கத்தினான்.

"சொல்லியிருந்தால் அமிர்தம் என்றிருப்பீர்கள். தாங்கள் ஒருநாளும் சாப்பிட்டறியாத ருசி இது, மகாராஜா. அதைக் காணோம் என்றுதானே ஏழு பேரைச் சிறையில் போட்டீர்கள், குழந்தையைப் பட்டினி போட்டீர்கள்?"

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். "கசக்கலியாம்மா?"

"அம்மா வெந்தயத்தை அப்படித்தான் வறுப்பா. ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரையில உங்களுக்கும் ஒரு இலை போடுவா. நாங்க காத்துட்டே இருப்போம். சோறு காஞ்சுடும். அப்புறம் அம்மாவே அதை எடுத்துச் சாப்பிட்டுடுவா."

ராஜா தான் துப்பிய சோற்றைப் பார்த்தான். மரகதம் தன் கையால் செய்ததில் அவனுக்கென்று கிடைத்தது அந்த ஒரு வாய்தான்.

ஏழு பேரும் அந்த நிமிஷமே விடுதலையானார்கள். கனகசபையிடமிருந்து மடைப்பள்ளிச் சாவியை வாங்கிக்கொண்டு, அந்த ஏழு அண்டாவையும் தேய்க்க அனுப்பினார்கள். ராஜா முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். மந்திரி வாங்கிக்கொள்ளவில்லை.

குழந்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். விரலை விட்டு ஜாடியையும் வழித்தாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கு?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மந்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு... நாளைக்கு அப்பா உன்கூட உட்கார்ந்து சாப்பிடறேன்" என்றான் ராஜா.

அஞ்சுகம் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சோறு காயறதுக்குள்ள வருவீங்களா?"

ராஜா, சபை முழுக்கப் பார்த்திருக்க, வாய்விட்டு அழுதான்.

கதை இவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இலை போட்டிருப்பார்கள், எழுந்து போங்கள்.