எந்தப் போரில் உடைந்த கோடாலி?

பழைய இரும்புக் கடையில் வெட்டும் வாய் உடைந்து துருப்பிடித்த கைக்கோடாலி ஒன்றை வாங்கிய மிராசுதார் அம்பலவாணர், அது ஒரு தளபதியின் போர் ஆயுதம் என்று பெருமையடித்தார். வேலைக்காரன் சடையப்பனைக் கூப்பிட்டார்.

"துருவைத் தேய்த்துப் புதுப்பிடி போடு. அதன் வாய் எந்தப் போரில் உடைந்ததென்று சாயங்காலம் விருந்தாளிகளிடம் நீ சொல்லணும். இல்லையென்றால் உனக்கு வேலை கிடையாது!"

சடையப்பன் தேய்த்தான், பிடி போட்டான், விறகில் வெட்டிப் பார்த்தான். குறி தவறிக் கல்லில் பட்டது.

சாயங்காலம் மிராசுதார் கேட்டார், "எந்தப் போர்?"

"போர் தெரியலைங்க, ஆளு தெரிஞ்சுபோச்சு. பழைய உடைசல் பக்கத்துல புதுசு ஒண்ணு இருக்கு பாருங்க. அது நான் விறகை வெட்டப்போய்க் கல்லை வெட்டினது. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. தளபதியும் என்னை மாதிரி தத்திதாங்க!"

விருந்தாளிகளோடு மிராசுதாரும் சிரித்துவிட்டார். கோடாலி விறகுக் கொட்டகைக்குப் போனது. சடையப்பன் வேலையில் நீடித்தான். விறகு வெட்ட மட்டும் அவனை யாரும் கூப்பிடவில்லை.