நாற்பது குரலும் ஒரு வாயும்

அந்தக் காலத்தில் சொற்களுக்கெல்லாம் கையும் காலும் இருந்தன. கடலோர நாடு ஒன்றில் இங்கிலீஷ் சொற்கள் தனியாக ஊர் கட்டிக் குடியிருந்தன. ஆளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஓர் ஆள். 'ரெய்ன்' மழையைக் கூட்டி வருவான். 'பிரெட்' ரொட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். அவ்வளவுதான். அடுத்தவர் வேலையில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

அந்த ஊரிலேயே குட்டையானவன் செட். சாயங்காலம் சூரியனைக் கடலில் இறக்கிவிடுவது அவன் வேலை. மற்ற நேரமெல்லாம் சும்மாதான். அதனால் ஊரில் ஒரு குரல் பாக்கியில்லாமல் பேசிக் காட்டிக்கொண்டு திரிந்தான். இடி மாதிரி உறுமுவான், பெண்கள் அலறியடித்துக் காயப்போட்ட துணியை எடுப்பார்கள். அத்தை குரலில் மாமாவைக் கூப்பிட்டுவிட்டு ஓடிவிடுவான்.

தினமும் காலையில் ஊர் நடுவில் மரத்தடியில் பேர் கூப்பிடுவார் கோட்டான் மேஸ்திரி. வெளிச்சத்தில் அவருக்குக் கண் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்வார். மூன்று தடவைக்குள் பதில் வராவிட்டால் வேலை போச்சு. வேலை போன சொல் பொழுது சாய்வதற்குள் ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் கரைந்துவிடும். காய்ச்சலுக்குக்கூட லீவு கிடையாது.

செட்டுக்கு இரண்டு கூட்டாளிகள். அவர்களுடைய உண்மையான பேர் இப்போது யாருக்கும் தெரியாது. கதைக்குப் பேர் வேண்டுமே, ப்ளம்பு என்றும் ஸ்க்விம் என்றும் வைத்துக்கொள்வோம். இளகினதை இறுக வைப்பது ப்ளம்புவின் வேலை: ஜெல்லி, சுண்ணாம்புக் கலவை, உடைந்த எலும்பு. ஒன்றுக்கொன்று பொருந்துகிறதைச் சேர்த்து வைப்பது ஸ்க்விமின் வேலை. அவன் மூக்கால் பேசுவான்.

"கடல் எப்படிடா இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள் ப்ளம்பு.

செட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ பார்த்ததே இல்லையா?"

"எப்போ பார்க்கிறது? காலையில பேர் கூப்பிடுறாங்க. அப்புறம் ராத்திரி வரைக்கும் வேலை."

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கிளம்புங்க. மேஸ்திரிக்கு நான் குரல் குடுக்கிறேன்."

"கண்டுபிடிச்சுட்டார்னா?" என்றான் ஸ்க்விம்.

"கண்டுபிடிச்சா பார்த்துக்கலாம்டா," என்று மூக்கால் பதில் வந்தது. ஸ்க்விம் மிரண்டு போய்த் தன் வாயையே தொட்டுப் பார்த்துக்கொண்டான். பேசினது செட்.

மறுநாள் காலை மரத்தடிக்கு வந்த செட் அப்படியே நின்றுவிட்டான். அவன் தெருக்காரர்கள் நிற்கிற இடம் வெறிச்சென்று கிடந்தது. ப்ளம்பு ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள், அவள் இன்னொருத்தரிடம் சொல்லியிருக்கிறாள். தெரு மொத்தமும், நாற்பது பேரும், கடல் பார்க்கப் போய்விட்டார்கள்.

அதைவிடப் பெரிய இடி, மேஸ்திரி கையில் உளி இருந்தது. எதிரில் ஒரு பெரிய கல்.

"தினம் கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு," என்றார் கோட்டான். "யாருக்கு என்ன வேலைன்னு இன்னிக்கு வெட்டிடுறேன். இனிமே கூப்பிடப் போறதே இல்ல. ப்ளம்பு."

செட் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தான். ஓடிவிடலாம். ஓடினால் சாயங்காலம் நாற்பது பேரும் இல்லை.

"ப்ளம்பு," என்றார் மறுபடியும்.

"இருக்கேன் மேஸ்திரி," என்றான் செட், ப்ளம்புவின் கனத்த குரலில்.

டக், டக் என்றது உளி. அடுத்து மூக்கால். அடுத்து கிழவர் மாதிரி செருமிக்கொண்டு. அடுத்து கீச்சுக் குரலில். முப்பதாவது பேருக்குள் முதுகெல்லாம் வேர்த்து ஒழுகியது. நாற்பதாவது குரலும் கொடுத்து முடித்து மூச்சு விட்டான்.

மேஸ்திரி கல்லை இறக்கையால் துடைத்தார். "நல்லாப் பேசினே செட்டு."

செட் மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

"எனக்குக் கண்ணுதான் தெரியாது. நாற்பது குரலும் ஒரே இடத்துலேருந்து, ஒரே உசரத்துலேருந்து வந்தா காதுக்குத் தெரியாதா? நான் குரலை எழுதல. குரல் வந்த வாயை எழுதினேன்."

செட் ஓடிப்போய்க் கல்லைத் தடவினான். நாற்பது வேலை. நாற்பதுக்கும் நேரே ஒரே பேர். அவன் பேர்.

"அழிச்சிடுங்க மேஸ்திரி."

"கல்லுப்பா அது."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் எழுதினீங்க?"

"ஆள் வரலைன்னு எழுதியிருந்தா அந்த வேலையே உலகத்துல இல்லாமப் போயிருக்கும். உடைஞ்ச எலும்பு எதுவும் ஒண்ணு சேராது. வேலைக்கு ஒரு ஆள் வேணும். பதில் குடுத்தது நீ ஒருத்தன்தான்."

மத்தியானம் தெருக்காரர்கள் ஈரக்காலோடு கூச்சலாக வந்தார்கள். "தண்ணி பூரா உப்புடா. நீ சொல்லவே இல்லையே," என்றாள் ப்ளம்பு.

செட் நடந்ததைச் சொன்னான். ஸ்க்விம் சிரித்தான். "போடா, இதுவும் உன் நடிப்புத்தானே?" என்று சொல்லிக்கொண்டே செட்டின் தோளில் கை போட வந்தவன், பாதியில் நிறுத்தித் தன் கையைப் பார்த்தான். அங்கே விரல்கள் இல்லை.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தெருவில் ஒவ்வொருவராக மங்கினார்கள். செட் ப்ளம்புவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடலாம் என்று வாயைத் திறந்தான். காலையில் அத்தனை குரல் பேசின வாய். இப்போது "செட்" என்று மட்டும்தான் வந்தது. மறுபடி திறந்தான். "செட்".

ப்ளம்பு அவனைத் திட்டவில்லை. வேலையைத்தான் நினைத்தாள். "எலும்பு கூட்டும்போது மட்டும் அவசரப்படாதடா," என்றாள். "வலிக்கும் அவங்களுக்கு."

அவன் உள்ளங்கையில் ஈர மணல்தான் மிச்சம் இருந்தது.

தூரத்தில் சூரியன் இறக்கிவிட ஆளில்லாமல் காத்துக்கொண்டிருந்தது. மணலைக் கீழே கொட்டாமல் விரலை மூடிக்கொண்டு அதை நோக்கி நடந்தான்.

அன்று தொட்டுத்தான் அந்தக் குட்டைச் சொல் தெரு மொத்தத்தின் வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறது. கப்பலேறி நம் பக்கம் வந்த பிறகும் கிணற்றடியில் பம்பு செட், ஹோட்டலில் செட் தோசை, நகைக்கடையில் தோடும் நெக்லஸும் ஒரு செட், அலாரத்துக்கு ஒரு செட், பொருந்தாத ஜோடிக்கு 'செட் ஆகாது' என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓட்டமாக ஓடி வருகிறது, மாவுக்கட்டுக்குள் எலும்பு கூட்டும்போது மட்டும் வாரக்கணக்கில் மெதுவாக உட்கார்ந்து வேலை பார்க்கிறது.